ஆன்லைனில் புரூஃப் பார்த்துச் சம்பாதிக்க முடியுமா? டர்பனிலிருந்து ஒரு பதில், அப்புறம் பல பதில்கள்

கேள்வி: 2023 பிப்ரவரி 11, தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி

அக்கா, வீட்டில் கைக்குழந்தை. வெளியே வேலைக்குப் போக வழியில்லை. ஆங்கிலம் நன்றாக வரும், தமிழும் பிழையில்லாமல் எழுதுவேன். ஆன்லைனில் புரூஃப் பார்த்தால், அதாவது மற்றவர் எழுதியதைப் பிழை திருத்திக் கொடுத்தால், மாதம் 20,000 ரேண்ட் வரும் என்று டெலிகிராமில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சேருவதற்கு 450 ரேண்ட் பதிவுக் கட்டணம், கட்டிய அன்றைக்கே முதல் கோப்பு வந்துவிடுமாம். கட்டலாமா? இந்த வேலையில் உண்மையிலேயே காசு இருக்கிறதா, இல்லை எல்லாமே கதைதானா?

2023 பிப்ரவரி 11, இரவு

கட்டாதீர்கள். ஒரு ரேண்ட் கூடக் கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர்தான் நமக்குக் காசு தர வேண்டும், நாம் அவருக்குத் தரக்கூடாது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், இங்கே பத்து மணிக்கு கரண்ட் போய்விடும்.

2023 பிப்ரவரி 12

சரி, விரிவாகவே சொல்கிறேன்.

கல்யாணமாகி டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில், சிவப்புப் பேனாவில். இங்கே வந்த பிறகுதான் அதையே கணினியில், முகம் தெரியாத ஆட்களுக்காகச் செய்ய ஆரம்பித்தேன். காசு இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரம் சொல்கிற மாதிரி, சேர்ந்த அன்றைக்கே கொட்டுகிற காசு இல்லை.

கணக்கைப் பாருங்கள். நிதானமாக, கண்ணை ஓட்டாமல் படித்தால் மணிக்கு 2,000 சொல் பார்க்கலாம். இங்கே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் முதுகலை ஆய்வேட்டைக் கொண்டுவருகிறார், 30,000 சொல். சொல்லுக்கு 15 சென்ட் என்று பேசினால் 4,500 ரேண்ட். கேட்க நன்றாக இருக்கிறது. முதல் வாசிப்புக்கு 15 மணி நேரம் போகும். இரண்டாம் வாசிப்புக்கு ஒன்பது. பின்னால் இருக்கிற நூற்பட்டியலைச் சரிபார்க்க மூன்று. ஆக 27 மணி நேரம், மணிக்கு ஏறக்குறைய 167 ரேண்ட். மோசமில்லை. ஆனால் அப்படி ஒரு கோப்பு வாரா வாரம் வராது. நவம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவார்கள், ஜனவரியில் ஆளே இருக்காது.

இப்போது ஃபைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் தொடங்குகிறவர் நிலைமை. புது ஆள் என்பதால் 5 டாலருக்கு 3,000 சொல் என்று போடுகிறார். தளம் அதில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கையில் 4 டாலர், அதாவது எழுபது ரேண்டுக்குச் சற்று மேலே. படிக்க ஒன்றரை மணி நேரம், அந்த ஆளோடு பேச, திருப்பி அனுப்ப இன்னொரு அரை மணி நேரம். மணிக்கு முப்பத்தைந்து ரேண்ட் வருகிறது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 25.42 ரேண்ட். படித்த படிப்புக்கும் வாங்கிய கணினிக்கும் சேர்த்து பத்து ரேண்ட்தான் கூடுதல்! அதுவும் அந்தக் காசு கைக்கு வர 14 நாள் காத்திருக்க வேண்டும்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. அங்கேயே தங்கிவிடக்கூடாது என்பதற்காக. தளம் முதல் இரண்டு மூன்று ஆட்களைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். சாப்பாடு போடுகிறவர்கள் திரும்பி வருகிற ஆட்கள். அவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்பதை நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். எழுத்துப்பிழை திருத்தியதற்காக இல்லை. ஓரத்தில் நாம் எழுதி வைக்கிற கேள்விகளுக்காக. "பக்கம் 14-ல் மாதிரி அளவு 120 பேர் என்று இருக்கிறது, பக்கம் 61-ல் 112 பேர் என்று இருக்கிறது, எது சரி?" இப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததும் எழுதியவருக்கு வயிறு கலங்கும், அப்புறம் நிம்மதி வரும். தேர்வாளர் கண்ணில் படுவதற்கு முன்னால் யாரோ பிடித்துவிட்டார்கள் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் அவர் அடுத்த முறையும் காசு கொடுக்கிறார், தன் தோழியிடமும் சொல்கிறார்.

அந்த விளம்பரத்துக்கு மறுபடி வருகிறேன். இந்த ஏமாற்று வேலைக்குப் பல வடிவம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் ஒன்று. இன்னொன்று, பெரிய பி.டி.எஃப் ஒன்றைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள், முடித்துக் கொடுத்ததும் "பிழை அதிகம், ஒப்பந்தப்படி அபராதம் கட்டு" என்று மிரட்டுவார்கள். மூன்றாவது கொஞ்சம் நாகரிகமான வடிவம்: "மாதிரிக்கு ஓர் அத்தியாயம் இலவசமாகப் பார்த்துக் கொடுங்கள்." விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அத்தியாயம் போகும். கடைசியில் முழுப் புத்தகமும் ஓசியில் திருந்திவிடும், வேலை யாருக்கும் கிடைக்காது. மாதிரி கேட்டால் 300 சொல் பார்த்துக் கொடுங்கள், அதற்கு மேல் காசு. நேர்மையான ஆள் இதற்குக் கோபிக்க மாட்டார்.

2023 பிப்ரவரி 15

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், ஸ்டேஜ் 6 மின்வெட்டில் (நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாத நிலை) இதையெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள் என்று.

ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். மடிக்கணினி பேட்டரி. வேர்ட் கோப்பை எப்போதும் கணினியிலேயே வைத்துப் பார்ப்பேன், கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், வைத்துத் திறந்தபடி வேலை செய்வதில்லை. செல்போன் கோபுரமும் நேரம் ஆக ஆகப் படுத்துவிடும் என்பதால், கெடு நாளைக்குக் காலை என்றால் இன்று மாலையே அனுப்பிவிடுவேன். வெளிநாட்டு ஆளிடம் ஒரு நாள் கூடுதலாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்வெட்டு அட்டவணையை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அது அவர் கவலை இல்லை.

2023 பிப்ரவரி 26

மாதக் கடைசி என்பதால் வரியைப் பற்றி. சம்பளம் இல்லாமல் இப்படித் தனியாகச் சம்பாதிக்கிறவர்கள் சார்ஸ் (இந்த நாட்டு வரித்துறை) கணக்கில் இடைக்கால வரி கட்டுகிறவர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை, பிப்ரவரி கடைசியில் ஒரு முறை ஐ.ஆர்.பி.6 படிவம் போட வேண்டும். காசு டாலரில் வந்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது, அதனால் வரி இல்லை என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இங்கே குடியிருப்பவர் உலகத்தில் எங்கிருந்து சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் வருமானம் சிறியதாக இருந்தால் வரியே வராமல் போகலாம். 2023 மார்ச்சில் தொடங்கும் வரி ஆண்டுக்கு, 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 95,750 ரேண்ட் வரை வரி கிடையாது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போட்டு எழுதி வையுங்கள். இணையச் செலவு, மென்பொருள் சந்தா, யு.பி.எஸ். எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஓர் அறையை வேலைக்கென்று மட்டுமே ஒதுக்கியிருந்தால்தான் அந்த அறைச் செலவைக் கழிக்க முடியும். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது கணக்கில் வராது.

பணம் வரும் வழி: பேபால் என்றால் இந்த நாட்டில் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் வழியாகத்தான் எடுக்க முடியும், வந்த 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். பயனீர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக எந்த வங்கிக்கும் அனுப்பிக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் வெளிநாட்டுப் பணம் வந்ததும் வங்கி "எதற்காக வந்தது?" என்று கேட்கும், சேவைக்கான கட்டணம் என்று பொருத்தமான வகையைத் தேர்ந்தெடுத்துப் பதில் கொடுக்கும்வரை பணம் நிற்கும். முதல் தடவை இதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

2023 மே 6

ஃபைவர் மாதிரி இன்னொரு வேலைத் தளமான அப்வொர்க்கின் கட்டணம் மாறிவிட்டது. இதுவரை ஒரு வாடிக்கையாளரிடம் முதல் 500 டாலர் வரை 20 சதவீதம், பிறகு 10, பிறகு 5 என்று இருந்தது. இந்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே 10 சதவீதம். புதிதாக வருகிறவர்களுக்கு நல்லது. ஒரே ஆளுக்குப் பல வருஷமாக வேலை செய்து 5 சதவீதத்துக்கு வந்தவர்களுக்குத்தான் அடி. விசுவாசமாக இருந்தவர்களிடமே கூட வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்க 'கனெக்ட்' என்று வாங்க வேண்டும், ஒன்று 15 சென்ட் டாலர். பிப்ரவரியில் "வேலைக்குக் காசு கட்டாதே" என்று எழுதினேனே, இதுவும் அதுதானே என்று கேட்டு ஒருவர் குறிப்புப் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் பதில்: டெலிகிராம்காரர் வாங்குவது வேலை தருவதாகச் சொல்லி. இங்கே வாங்குவது விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க, வேலை கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் கண்ட வேலைக்கெல்லாம் அனுப்பினால் மாதக் கடைசியில் கனெக்ட் செலவு வருமானத்தைத் தின்றுவிடும். ஐம்பது பேர் ஏற்கெனவே விண்ணப்பித்த வேலையைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

2023 ஆகஸ்ட் 19

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பீனிக்ஸ் தங்கை கேட்டிருக்கிறார்: "லட்சம் பேர் ஆங்கிலத்தில் புரூஃப் பார்க்கிறார்கள், என்னை ஏன் கூப்பிட வேண்டும்?" உங்களைக் கூப்பிட வேண்டியதற்குக் காரணம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிற உலகம்தான். எனக்கு அது தற்செயலாகக் கிடைத்தது. டோங்காட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் குடும்ப வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முப்பாட்டனார் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்ததிலிருந்து, பேரப்பிள்ளைகள் கனடாவுக்குப் போனது வரை. அதற்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு புரூஃப் ஆளிடம் கொடுத்து வாங்கியிருக்கிறார். அந்த ஆள் கெட்டிக்காரர்தான், ஒரு காற்புள்ளி தப்பவில்லை. ஆனால் 'மூட்லி' என்று வந்த இடத்திலெல்லாம் 'முதலியார்' என்று மாற்றி வைத்திருந்தார்! அடையாள அட்டையில், பிறப்புச் சான்றில், கல்லறையில் எல்லாம் மூட்லி என்று இருக்கிற குடும்பம். கோவெண்டர், படையாச்சி, நாயுடு, பிள்ளை என்று நம் குடும்பப் பெயர்கள் இங்கே ஆங்கிலத்தில் எப்படி எப்படியோ எழுதப்பட்டு, அப்படியே மூன்று நான்கு தலைமுறை ஓடிவிட்டது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, தம்பிக்கு வேறு. அது பிழை இல்லை, அவர்கள் பெயர். இதை இந்த ஊர்க்காரர் யாரும் சொல்லித் தராமலே அறிவார்.

அதே புத்தகத்தில் இன்னொன்று. பாட்டியின் அக்கா 1870-ல் கப்பலில் பிறந்ததாக ஒரு வரி. நம் மக்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் ட்ரூரோ, டர்பனுக்கு 1860 நவம்பர் 16-ல் வந்தது. 1866-ல் ஆள் எடுப்பது நின்றுபோய் 1874-ல்தான் மறுபடி தொடங்கியது. 1870-ல் ஒப்பந்தக் கப்பலில் எப்படிப் பிறந்திருக்க முடியும்? நான் அந்த வரியை மாற்றவில்லை. மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஓரத்தில் எழுதினேன்: "1866 முதல் 1874 வரை ஒப்பந்தக் கப்பல்கள் வரவில்லை. ஆண்டை ஒருமுறை கப்பல் பட்டியலில் பார்த்துவிட முடியுமா?" அவர் போய்ப் பார்த்தார். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், மாவட்டம், ஊர் என்று இருக்கும். வட ஆர்க்காடு மாவட்டம் என்று போட்டிருக்கும் பக்கங்கள் அத்தனை இருக்கின்றன. அவர் கொண்டுவந்த ஆண்டு 1880. குடும்பத்தில் வாய்மொழியாகச் சொல்லி வந்ததில் பத்து வருஷம் நழுவியிருந்தது.

அவர் தன் நண்பரிடம் சொன்னார், நண்பர் ஸ்டேங்கரில் ஒருவரிடம் சொன்னார். 1860-லிருந்து 1911 வரை 1,52,184 பேர் இப்படி வந்திருக்கிறார்கள். அவர்கள் பேரன் பேத்திகள் எல்லாம் இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள், வயதாகிறது, அவசரம் இருக்கிறது. இந்தக் கோப்புகளைப் படிக்கும்போது வேலை என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை. ஆனாலும் காசு வாங்கிக்கொண்டுதான் செய்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பாசத்துக்காக இலவசமாகப் பார்த்தால் இரண்டாம் வாசிப்பு நடக்காது, அது அவர்களுக்குச் செய்கிற நன்மை இல்லை.

உங்களுக்கு எது தெரியுமோ அதைப் பிடியுங்கள். நர்ஸாக இருந்தீர்களா, மருத்துவக் கட்டுரைகள். கணக்காளர் வீட்டில் வளர்ந்தீர்களா, ஆண்டறிக்கைகள்.

2023 ஆகஸ்ட் 20

நேற்று எழுதியதில் விட்டது: எண்கள். தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வமாகத் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. அமெரிக்க வாடிக்கையாளருக்குத் தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் காற்புள்ளி. அதே கோப்பில் இரண்டும் கலந்து வந்தால், 2,500 என்பது இரண்டரையா இரண்டாயிரத்து ஐந்நூறா என்று புரியாமல் போகும். வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் நடைத்தாள் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அகராதி, தேதி எப்படி, எண் எப்படி, பெயர்கள் எப்படி. வேலையோடு சேர்த்து அதையும் அனுப்புங்கள். அடுத்த புத்தகத்துக்கும் அவர் உங்களிடமே வருவார்.

2023 நவம்பர் 4

தமிழில் இந்த வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, காசு குறைவு. இந்தியப் பதிப்பகங்கள் பக்கக் கணக்கில் தருகிறார்கள், ரேண்டில் மாற்றினால் மனம் சோர்ந்துவிடும். நான் தமிழை விடாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. இங்கே கோவில்களில் காவடி மலர், கும்பாபிஷேக மலர், நினைவு மலர் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு பதிகம் பிழையாக அச்சாகிவிட்டால் அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷத்து மலரும் அச்சாகும். பத்து வருஷத்தில் அந்தப் பிழையே பாடமாகிவிடும். அதனால் கோவில் மலர் என்றால் நான் மறுப்பதில்லை.

என்ன பிழை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை, அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்து இடம் மாறும். 'ர'வும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று உட்கார்ந்திருக்கும், திரையில் தெரியவே தெரியாது, தேடினால் மட்டும் அந்தச் சொல் அகப்படாது. 'கௌரி'யை 'கெ'வும் 'ள'வுமாகத் தட்டியிருப்பார்கள், 'ஔவை'யை 'ஒ'வும் 'ள'வுமாக. 'எ' இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்ற தமிழ் எண் இருக்கும். கண்ணால் இவற்றைப் பிடிக்க முடியாது. நான் செய்வது: எட்ஜ் உலாவியில் கோப்பைத் திறந்து உரக்கப் படிக்க விடுவேன், தமிழ்க் குரல் அதிலேயே இருக்கிறது. கண் ஏமாந்தாலும் காது பிடித்துவிடும், 'கெளரி' என்று அது தடுமாறுகிற இடத்தில் நிறுத்தித் திருத்திக்கொள்ளலாம்.

ஒற்று மிகும் இடம் மிகா இடம் பற்றிச் சண்டைக்கு வருகிற வாசகர்களுக்கு: வாடிக்கையாளரிடம் கேளுங்கள். சில பதிப்பகங்கள் ஒற்றைக் குறைத்துப் போடச் சொல்கின்றன, அது அவர்கள் கொள்கை. ஆனால் பொருள் மாறுகிற இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2024 ஏப்ரல் 21

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மார்ச் 26-லிருந்து மின்வெட்டு இல்லை, யு.பி.எஸ். தூசி படிந்து கிடக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

பலரும் கேட்பது ஒன்றுதான்: சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தத் தொழிலில் என்ன மிச்சம் இருக்கிறது?

சின்ன வேலைகள் போய்விட்டன, உண்மை. வலைப்பூ கட்டுரை, விளம்பர வாசகம், தன்விவரக் குறிப்பு, இதற்கெல்லாம் இப்போது யாரும் ஐந்து டாலர்கூடத் தர மாட்டார்கள். போன வருஷம் நான் ஃபைவர் கணக்குப் போட்டுக் காட்டினேனே, அந்தப் படிக்கட்டு இன்று பாதி உடைந்து கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் தளத்தில் தொடங்குவதைவிடத் தெரிந்தவர்கள் வட்டத்தில் தொடங்குவதே மேல் என்று இப்போது நினைக்கிறேன். கோவில், பள்ளி, மாணவர் விடுதி, உள்ளூர்ச் சங்கம்.

ஆனால் வேறு ஒரு வேலை கூடியிருக்கிறது. ஆய்வேடுகளின் நூற்பட்டியலில் இல்லாத கட்டுரைகள் வருகின்றன. ஆசிரியர் பெயர் உண்மையானதாக இருக்கும், இதழ் பெயரும் உண்மையானதாக இருக்கும், அப்படி ஒரு கட்டுரை மட்டும் எங்கேயும் இருக்காது. கருவி இட்டுக்கட்டிக் கொடுத்ததை மாணவர் நம்பி ஒட்டியிருப்பார். கட்டுரையின் இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைச் சொடுக்கிப் பார்த்தால் வேறு எதுவோ திறக்கும், அல்லது ஒன்றும் திறக்காது. முன்பு நூற்பட்டியலுக்கு மூன்று மணி நேரம் என்று எழுதினேன், இப்போது ஐந்து ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாகக் கட்டணம் சொல்லுங்கள். இங்கேயும் நாமாக எதையும் நீக்கக்கூடாது. "இந்தக் கட்டுரை கிடைக்கவில்லை, சரிபார்க்கவும்" என்று எழுதுவதோடு நம் வேலை முடிந்தது.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபம் உண்டு: வாடிக்கையாளர் கொடுத்த கோப்பை அவருக்குத் தெரியாமல் எடுத்து இந்தக் கருவிகளில் ஒட்டாதீர்கள். பேட்டி கொடுத்தவர்களின் நோய் விவரம், குடும்ப விவரம் எல்லாம் அந்த ஆய்வேட்டில் இருக்கிறது. நம்மை நம்பித்தான் கொடுத்தார்.

2024 ஜூன் 8

ஆய்வேடு பற்றி ஒரு வாசகர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "கொஞ்சம் எழுதியும் கொடுத்தால் மூன்று மடங்கு தருகிறேன் என்கிறார் மாணவர், என்ன செய்ய?"

செய்யாதீர்கள். எழுத்துப்பிழை, இலக்கணம், சொல்லொழுங்கு, மேற்கோள் முறை இவ்வளவுதான் நம் எல்லை. வாதம் அவருடையது. பல பல்கலைக்கழகங்களில் நாம் என்ன செய்தோம் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், அது ஆய்வேட்டோடு போகும், அதில் நம் பெயர் இருக்கும். வழிகாட்டிக்குத் தெரிந்துதான் மாணவர் வருகிறாரா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த மாணவர்களில் பலருக்கு இசிசூலு என்கிற ஜூலு மொழிதான் தாய்மொழி, ஆங்கிலம் இரண்டாவதோ மூன்றாவதோ. குடும்பத்தில் முதல்முறையாகப் பட்டம் வாங்குகிறவர்கள். அவர்களிடம் முழுக் கட்டணம் கேட்க எனக்கு மனம் வருவதில்லை, தவணையாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வாக்கியத்தை அலங்காரமாக மாற்றி அவர்கள் குரலை அழித்துவிடாமல் இருப்பதுதான் நான் தருகிற பெரிய சலுகை என்று நம்புகிறேன். தேர்வாளர் முன்னால் நின்று அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லப்போகிறவர் அவர்தானே.

இந்த நாட்டில் புரொஃபஷனல் எடிட்டர்ஸ் கில்டு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஆய்வேடுகளில் எதுவரை கை வைக்கலாம் என்பதற்கு அவர்கள் வழிகாட்டுக் குறிப்பு வைத்திருக்கிறார்கள், தகுதித் தேர்வு நடத்துகிறார்கள், உறுப்பினர் பட்டியலைப் பார்த்து வாடிக்கையாளர்களே வருகிறார்கள். சந்தா கட்டுவது முதலில் கசக்கும். கொஞ்சம் வேலை சேர்ந்த பிறகு சேருங்கள்.

2025 பிப்ரவரி 2

யு.பி.எஸ்.ஸைத் துடைத்து மறுபடி செருகியாயிற்று. முந்தாநாள் மாலை மின்வெட்டு திரும்பிவிட்டது. போன ஏப்ரலில் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் பேட்டரியை விற்றிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2025 மே 10

அப்வொர்க் மறுபடி மாற்றியிருக்கிறது. இந்த மாதத்திலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை, வேலைக்கு ஏற்ப. 2023 மே குறிப்பில் இருக்கிற 10 சதவீதத்தை அடித்துவிட்டுப் படியுங்கள்.

பீனிக்ஸ் தங்கை எழுதியிருக்கிறார். 450 ரேண்ட் கட்டவில்லை, சந்தோஷம். குழந்தை பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டது, காலையில் மூன்று மணி நேரம் கிடைக்கிறதாம். கணவர் வழியில் ஒரு சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்த்துக் கொடுக்கிறார், இப்போது அவர்களைப் போலவே இன்னும் இரண்டு பேர். சுங்கப் படிவம், சரக்குப் பட்டியல், ஒப்பந்தம். ஓர் எண் மாறினால் கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றுவிடும் என்பதால் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் மதிப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். டர்பன் துறைமுகத்தை வைத்துக்கொண்டு இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை!

அவருடைய இப்போதைய கேள்வி: வேலையை முடித்துக் கொடுத்து ஆறு வாரம் ஆகியும் ஒருவர் காசு தரவில்லை, எப்படிக் கேட்பது?

நேரடியாகக் கேளுங்கள், கெஞ்ச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். "இன்ன தேதியிட்ட பில், இத்தனை ரேண்ட், கெடு முடிந்துவிட்டது, எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்?" அவ்வளவு போதும். பெரிய நிறுவனம் என்றால் நம்மிடம் பேசுகிறவர் காசு அனுப்புகிறவராக இருக்க மாட்டார், கணக்குப் பிரிவின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி அங்கே அனுப்புங்கள். தேதி சொன்ன பிறகும் வரவில்லை என்றால் அடுத்த கோப்பைத் தொடாதீர்கள், அதையும் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி வருகிற வேலைகளுக்குப் பாதிப் பணம் முன்பணம், தனியாள் என்றால் மீதிப் பணம் வந்த பிறகே திருத்திய கோப்பு. அதற்கு முன்னால் இரண்டு பக்கம் மட்டும் பி.டி.எஃப்-ஆகக் காட்டலாம். பில்லில் கெடு தேதியையும் வங்கி விவரத்தையும் மேலேயே போடுங்கள். கீழே போட்டால் "கவனிக்கவில்லை" என்று ஒரு மாதம் ஓட்டிவிடுவார்கள்.